ஆளுக்கொரு முனையில்

கல்முனைத் தொண்டு நிறுவனத்து மேசையில் றிபாயாவின் அடையாள அட்டை. ஒரு முனையை அவள் பிடித்திருக்கிறாள், மறுமுனையை அலுவலர் நளீம். சவூதி வீட்டில் ஏழு வருடம் சம்பளமில்லாமல் பூட்டப்பட்டுக் கிடந்து மீண்டவள் அவள். வெளிநாட்டு நிதியில் தையல் மெசின் கிடைக்க அட்டையின் நகல் வேண்டும். "விடுங்க ராத்தா, கொப்பி எடுத்துட்டுத் தாறன்." "அந்த அறபியும் இப்பிடிச் செல்லித்தான் பாஸ்போட்ட வாங்கினான்." இழுபறியில் நளீமின் மீசை, பக்கத்து மேசையில் இருக்கும் என் கண்முன்னே நரைக்கிறது. வாசல் பூனை இரண்டாம் தரமும் குட்டி போடுகிறது. கடைசியில் நளீம் தன் முனையை விட, அவளே எழுந்து, அட்டையைக் கொப்பி மெசினின் கண்ணாடியில் வைத்து, பிடித்த கையை எடுக்காமலே மூடியை அமுக்குகிறாள். பச்சை வெளிச்சம் ஓடுகிறது. தாளில் அட்டை இலக்கமும் விழுந்திருக்கிறது, அவளுடைய நாலு விரல்களும் விழுந்திருக்கின்றன. நளீம் அதையே விண்ணப்பத்தோடு இணைக்கிறான். றிபாயா அட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு, கைவிரல்களை ஒருதரம் எண்ணிப் பார்க்கிறாள். நானும் எண்ணுகிறேன். சரியாகத்தான் இருக்கின்றன.