ஹேங் ஆகும் இடம்

இந்தக் காலத்தில் எவனும் ஒழுங்காகப் பழுது பார்ப்பதில்லை. தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு என்கிறான். அந்தக் கடுப்போடுதான் பெரியவர் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குள் நுழைந்தார்.

“உங்க கம்ப்யூட்டர நேத்து முழுக்க ஓட விட்டேன் ஐயா. சூடாகல. ஒரு தடவகூட ஹேங் ஆகல,” என்றார் சர்வீஸ்காரர்.

“உங்கிட்ட ஆகாது. எங்கிட்டதான் ஆகும். வெளிநாடு போறதுக்கு முன்னாடி என் மகன் ஒவ்வொரு பாகமா வாங்கி, தன் கையால மாட்டினது. எங்கயோ லூஸா இருக்கு.”

“மெமரியக்கூட மாத்திப் பாத்துட்டேன். எப்ப ஆகுது?”

“அவன்கூட பேசும்போது. நீயே பாரு.”

பெரியவர் அங்கேயே அழைக்க, வீடியோவில் மகன் வந்தான். வேலை, வெயில், வாடகை என்று பேச்சு நன்றாகவே ஓடியது.

“அம்மா இன்னும் படுக்கைய விட்டு எந்திரிக்கலடா. உன் பேரையே சொல்லிக்கிட்டு இருக்கா. எப்ப வர்ற?”

மகனின் முகம் அப்படியே நின்றுவிட்டது. இமைகூட அசையவில்லை.

“பாத்தியா? எப்பவும் இந்த இடத்துலதான்.”

சற்று நேரத்தில் இணைப்பும் அறுந்தது.

சர்வீஸ்காரர் தயங்கினார். “ஐயா, அவருக்குப் பின்னால ஃபேன் சுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. கம்ப்யூட்டர் நிக்கல. உங்க பையன்தான் அசையாம இருந்தாரு.”

பெரியவர் ஒயர்களைப் பிடுங்கினார்.

“வேலை தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. என் மகன் மேல பழி போடாத.”

பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, அடுத்த தெருவில் இருந்த வேறொரு கடையை நோக்கி நடந்தார்.