காசெட்டில் ஒரு நிமிடம்

"அந்தப் பொண்ணு செத்துக் கெடக்குறதை இன்னிக்கும் காட்டப்போறீங்களா?" டீச்சர் விஜயகுமாரி மன்ற வாசலிலேயே மறித்தார்.

"பாத்தாத்தானே டீச்சர், இலங்கைல நடக்குறது நம்ம சனங்களுக்கு உறைக்கும்" என்றார் டவுன்ஷிப் பிளாக் மன்றச் செயலாளர் கருணாகரன்.

வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒரே வீடியோ காசெட் அது; வேறு பிரதி இல்லை. முதல் ஷிஃப்ட் வேலை முடிந்ததும் மூன்று நாளாக மன்றத்தில் ஓடுகிறது.

"துணி கலைஞ்சு கெடக்குறா. உங்க வூட்டுப் பொண்ணுன்னா காட்டுவீங்களா? அந்தக் கான்ட்ராக்ட் வேலைக்கு வர்ற ஆளைப் பாத்தீங்கல்ல? தினமும் அந்த இடம் வந்தா எழுந்து டிவிகிட்டப் போய் நின்னு அழுறாரு. ஒரு வார்த்தை பேசுறதில்ல. அந்த மனுஷனுக்காகவாவது அதை எடுத்துடுங்க."

அன்றே கருணாகரன் அந்த ஒரு நிமிடத்தின் மேல் வெறுமையாகப் பதிவுசெய்து அழித்தார்.

மறுநாள் அந்த ஆள் மெயின் பஜார் ஸ்டூடியோக்காரரோடு வந்தார். முதல் முறையாக வாய் திறந்தார்.

"ஐயா, அந்தப் பொம்பிளை வாற இடத்தில கொஞ்சம் நிப்பாட்டுவீங்களோ? இவர் ஒரு படம் எடுக்கோணும்."

"எதுக்குங்க?"

"அவ என்ர மனுசி, நான் தாலி கட்டினவ. வாற கிழமை ஆண்டுத் திவசம். மாலை போட ஒரு படமும் இல்லை, வீட்டோட எல்லாம் எரிஞ்சு போச்சு."

கருணாகரன் அருகில் நின்ற விஜயகுமாரியைப் பார்த்தார். அவர் தலை குனிந்துகொண்டார்.

ஸ்டூடியோக்காரர் டிவிக்கு எதிரே காமிராவை நிறுத்திக் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"நான் ரெடி சார். போடுங்க."