ஈயைத் தொட்டால் போதும்

“மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க. உங்க மென்பொருளை எங்க ஆளுங்க யாராலயும் ஓட்ட முடியல.”

பேராசிரியர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்தில் அதற்கு மேல் சத்தம் போட முடியாது.

ஈயின் மூளை அதன் நடையை எப்படி இயக்குகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. கிண்ணத்துக்குள் ஓடும் ஈக்களைக் கேமரா படம் பிடிக்கும். மேஜைமேல் படுக்க வைத்த தொடுதிரையில் அந்தப் படம் ஓடும். நகர்கிற ஈயை யாராவது தொட்டுத் தொட்டுக் காட்ட வேண்டும். சில நூறு தடவை காட்டினால், அதன்பிறகு கணினியே ஈக்களைப் பின்தொடரக் கற்றுக்கொள்ளும்.

“முன்னாடி பதினாலு பட்டன் இருந்துச்சு. இப்போ மூணுதான் மாமா.”

“இங்க சார்.”

“மூணுதான் சார்.”

“அந்த மூணுல எதை அமுக்கினாலும் ‘நிச்சயமா?’ன்னு கேக்குது. எனக்கே சந்தேகம் வந்துடுது. வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணலேன்னா வேற ஆளைப் பார்த்துக்குவேன். உங்க அத்தைக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க.”

மாமனாரைக்கூடச் சமாளித்துவிடலாம், அத்தையை முடியாது. மாப்பிள்ளை உட்கார்ந்து பட்டன்களை எல்லாம் தூக்கினார். கடவுச்சொல்லைத் தூக்கினார். கடைசியில் எழுத்துகளையே தூக்கிவிட்டார். ஈ தெரிந்தால் தொட வேண்டும், தொட்டால் ‘டிங்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் அதைத் திரையில் ஓடவிட்டுவிட்டு எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

திரும்பி வந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். கணினிப் பதிவில் நாற்பது நிமிடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு ‘டிங்’. ஒன்றுகூடக் குறி தவறவில்லை.

“யாருய்யா இது? இருபது வருஷமா ஈ பார்க்கிறேன், எனக்கே பாதிக்குப் பாதி தப்பும்!”

பத்து வருடமாகப் பட்டத்துக்குக் காத்திருக்கும் ஆராய்ச்சி மாணவர் தொண்டையைக் கனைத்தார். “நான்தான் சார். பசிக்கல. சும்மா உக்காந்திருப்பானேன்னு…”

“சபாஷ்! கட்டுரையில உங்க பேருதான் முதல்ல. எங்க, ஒரு தடவை செஞ்சு காட்டுங்க.”

மாணவர் பன்னிரண்டு தடவை தொட்டார். பதினொன்று வெறும் கிண்ணத்தில் விழுந்தது. பன்னிரண்டாவது பேராசிரியரின் கட்டைவிரல்மேல் விழுந்தது.

“பசிக்கலையா? கேன்டீன்ல என் பக்கத்துல உக்காந்து ரெண்டு தட்டு காலி பண்ணினாரு சார்,” என்று போட்டுக்கொடுத்தார் ஆய்வக உதவியாளர்.

பெருக்க வரும் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். “நானா? ஊர்ல எல்லாரும் ஈயை விரட்டுறாங்க, நீங்க சோறு போட்டு வளக்குறீங்க. அந்த ரூம் பக்கமே நான் வர்றதில்ல சார்.”

பேராசிரியர் தாடையைச் சொறிந்தார். “யாரோ கூச்ச சுபாவம் போல. மாப்பிள்ளை, ஆளைக் கண்டுபிடிங்க. இன்னைக்கே நிரந்தர வேலை போட்டுத் தர்றேன். உங்க மென்பொருளும் ஓகே.”

“ரொம்ப நன்றி மாமா!”

இந்தத் தடவை அவர் ‘சார்’ என்று திருத்தவில்லை.

படத்தை மறுபடி ஓடவிட்டு, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தி, அதில் காதை வைத்துக்கொண்டு நின்றார்கள். அறைக்கு வேறு வாசல் கிடையாது. ஐந்து நிமிடம் சத்தமே இல்லை.

‘டிங்.’

மாணவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

‘டிங். டிங். டிங்.’

மாப்பிள்ளை கதவை மெல்லத் தள்ளினார். திரையின் நடுவே ஒரு குண்டுப் பல்லி, ஓடுகிற ஈயின் படத்தின்மேல் பாய்ந்து பாய்ந்து வெறும் கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தது.

“உஸ்ஸ்…” பேராசிரியர் மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். “சத்தம் போடாதீங்க. அவர் வேலையில இருக்காரு.”