வெள்ளிமலைக்குப் போன சர்வர்

"சொந்த ஊர்ப் பாசம்னா இதாம்மா. சர்வரையே தூக்கிக்கினு போய் மலை மேல வெச்சுட்டியே."

மேனேஜர் நாராயணசாமி இப்படிச் சொன்னதும் ஆபீசே சிரித்தது. பாரதி மட்டும் சிரிக்கவில்லை.

கள்ளக்குறிச்சியில் பஷீர் அகமது நடத்தும் இன்டர்நெட் கம்பெனிக்கு நாலாயிரம் வாடிக்கையாளர்கள். வெப்சைட்டின் பெயரைத் தட்டினால் அதற்கு விலாசம் தேடிக் கொடுப்பது ஆபீசில் இருக்கும் டி.என்.எஸ். சர்வர். அது படுத்தால் நாலாயிரம் வீடும் படுத்துவிடும். அதனால் இன்னொன்றை வேறு ஊரில் வைப்பதென்று முடிவானது.

நாராயணசாமி திருக்கோவிலூரில் தன் மாமனார் கடை மாடியைச் சொன்னார். இன்னொருவர் கச்சிராயபாளையம் என்றார். இன்ஜினியர் பாரதி கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சொன்னாள். முதலாளி பஷீர் பாய் வெள்ளிமலைக்குத் தலையாட்டினார்.

அது பாரதி பிறந்த ஊர். அவள் அப்பா சடையன் அங்கே இன்னும் கூலி வேலைக்குப் போகிறார். ஊர் வாய்க்கு அவல் கிடைக்க இது போதாதா?

"இடஒதுக்கீடு கேட்டு ரோட்ல உக்காந்துக்கினு இருக்காங்க. இங்க இன்னாடான்னா சர்வருக்கே கோட்டா குடுத்துட்டாரு பாய்," என்றார் நாராயணசாமி.

"மலைக்கு சேலம் பக்கத்துலேர்ந்து தனி கேபிள் வருது சார். கரண்ட்டும் வேற லைன். இங்க போனாலும் அங்க ஓடும்."

"கரடி வந்து கடிச்சாக்கா? ஒருவாட்டி மக்கர் பண்ணட்டும். சர்வரும் கீழ எறங்கும், உன் வேலையும் போவும்."

பாரதியின் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது.

இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலின் நாலாம் நாள் திருக்கோவிலூர் ரோட்டில் யாரோ ஒரு புளியமரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். அது ஆபீசுக்கு வரும் கேபிள் மேலேயே விழுந்து தொலைத்தது. கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள்.

வீடுகளுக்குப் போகும் லைன் வேறு வழி; ஆபீஸ் சர்வருக்குத்தான் வெளியுலகத் தொடர்பு அறுந்தது. இனி போன் அலறும் என்று எல்லோரும் கையைப் பிசைந்தார்கள். பாரதி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. ஒரு போனும் வரவில்லை.

"வெள்ளிமலை எடுத்துக்கிச்சு," என்றாள் பாரதி.

சாயந்திரம் வரை எந்த வீட்டிலும் நெட் நிற்கவில்லை. வடக்கனந்தல் வரைக்கும் பிள்ளைகள் விண்ணப்பம் போட்டு முடித்தார்கள். திருக்கோவிலூரில் வைத்திருந்தால் அதே கேபிளோடு இரண்டு சர்வரும் சேர்ந்தே போயிருக்கும். பாரதிக்கு எழுந்து நின்று ஒரு ஆட்டம் போடலாம் போலச் சந்தோஷம் பொங்கியது.

பாய் எல்லோருக்கும் ஜிலேபி வரவழைத்தார். நாராயணசாமிக்கு மட்டும் அது தொண்டையில் இறங்கவில்லை.

"குருட்டாம்போக்குல அமைஞ்சிடுச்சு பாய். இருந்தாலும், ஆளப் பாத்து எடம் குடுத்தது தப்புதானே?"

பஷீர் அகமது டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"நான் எங்க ஆளப் பாத்தேன்? மூணு எடத்தையும் அளந்துட்டு வரச் சொன்னேன். கரண்ட்டு எத்தினி மணி நேரம் இருக்கு, கேபிள் எத்தினி வழியா வருதுன்னு மட்டும் எழுதி, ஊர் பேர மறைச்சு உங்கிட்டதானே குடுத்தேன்? மூணாவதுதான் ஒசத்தின்னு எழுதி கையெழுத்து போட்டது நீதான். அதான் வெள்ளிமலை."

நாராயணசாமி தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீசே அவரைப் பார்த்தது.

"அது... எங்க மாமனார் கடைன்னு நெனச்சிக்கினு போட்டுட்டேன் பாய்."