மிச்சக் கயிறு

தண்ணீர் வீட்டு வாசல்களின் இரண்டாவது படியைத் தொட்டுவிட்டது.

மழை விடுவதாக இல்லை.

வாய்க்காலின் குறுக்கே, கரைக்குக் கரை, அறிவியல் வாத்தியாரின் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கட்டிய குப்பைத் தடுப்பு. கயிற்றில் கோத்த காலி பாட்டில்கள். அடியில் பழைய மீன்வலை. வந்த குப்பையை ஒன்று விடாமல் பிடித்திருந்தது.

பாழாய்ப்போன தடுப்பு, தண்ணீரையும் சேர்த்துப் பிடித்திருந்தது.

தடுப்புக்கு மேலே, தண்ணீர் வரும் பக்கம், கரையோரம் ஆறு வீடுகள். கடைசி வீடு அவர் வகுப்புப் பாண்டிமீனாவுடையது. தடுப்பை யோசித்தவளே அவள்தான்.

"எந்த மகராசன்யா இதக் கட்டுனது?" ஒரு பெண் கத்தினாள். "வீட்டுக்குள்ள தண்ணி வந்துரும்யா!"

வாத்தியார் கயிற்றைப் பார்த்தார்.

அறுத்துவிட்டால் தீர்ந்தது. நாற்பது நாள் உழைப்பும் பிடித்த குப்பையும் ஆற்றோடு போகும். நாளைக் காலையில் மாவட்டப் போட்டிக்கு நடுவர்கள் வருகிறார்கள்.

சே, இந்த நேரத்தில் இது என்ன நினைப்பு! வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே இன்னும் ஒரு நிமிடம் நின்றார்.

மூன்றாவது படி.

பாண்டிமீனா அரிவாளோடு ஓடிவந்தாள்.

அவள் முதலில் வரைந்த படத்தில் கயிறு சாய்வாகத்தான் இருந்தது. "என்ன புள்ள, கோணல்மாணலா?" என்று அவர்தான் அழித்தார். ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். கட்டி முடித்ததும், மிச்சமான கயிற்றை வெட்டிப் போடச் சொன்னார்.

அவள் வெட்டவில்லை. தடுப்பைக் கட்டியிருந்த கரையோர வேப்பமரத்திலேயே சுற்றி வைத்திருந்தாள். சோம்பேறிக் கழுதை என்று திட்டியிருந்தார்.

இப்போதும் அவள் கயிற்றை வெட்டவில்லை. மரத்தில் இறுகிக் கிடந்த முடிச்சை மட்டும் அரிவாள் முனையால் நெம்பினாள்.

"சார், புடிங்க!"

பிடித்தார். கயிறு அவரையே இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. கத்திய பெண்ணும் ஓடிவந்து பிடித்தாள். இன்னும் நாலு பேர். சுற்று சுற்றாகக் கயிற்றை விட்டபடி, தண்ணீர் ஓடும் திசையிலேயே கரையோடு நடந்தார்கள்.

தடுப்பு மெல்லச் சாய்வாகத் திரும்பியது. குப்பை கரைப் பக்கம் ஒதுங்கியது. குப்பை விலகித் திறந்த இடத்தில் தண்ணீர் பாய்ந்து ஓடியது.

"எறங்குது! எறங்குது!" பின்னாலிருந்து யாரோ கூவினார்கள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளங்கை எரிந்தது.

"எதுவரைக்கும் போகணும்?" என்று அவளைக் கேட்டார்.

"அந்தப் புங்கமரம், சார்."

கயிறு அங்கே சரியாக எட்டியது. முடிச்சுப் போட ஒரு முழம் மீதி இருந்தது.