யார் தலையில்?

“என்னடா, வாயெல்லாம் பல்லா வர்றே?” கதவைத் திறந்ததுமே அக்கா கேட்டாள்.

சோப்புக் கம்பெனியின் தொழிற்சங்கத் தலைவரான தம்பி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “ஜெயிச்சிட்டோம்க்கா! கம்பெனிகளுக்கு வரியை ஏத்திட்டாங்கள்ல? அதை மேனேஜ்மென்ட்காரங்க எங்க தலையில கட்டப் பார்த்தாங்க. முதல்ல சம்பளத்தைக் குறைக்கிறோம்னாங்க. மேஜையைத் தட்டினேன். அப்புறம் சோப்பு விலையை ஏத்துறோம்னாங்க. வாங்குறவன் என்ன பாவம் பண்ணான்னு கேட்டேன்.”

“அப்ப யாருதான் கட்டுறதாம்?”

“பங்குதாரருங்கதான்! உக்காந்த இடத்துலேயே லாபம் திங்கிறவங்க. இந்த வருஷம் அவங்களுக்குச் சல்லிக்காசு கிடையாதுன்னு எழுதி வாங்கிட்டேன்.”

“அப்படிப் போடு! நல்லா வேணும் அவங்களுக்கு!” அக்கா கைதட்டிச் சிரித்தாள். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக நின்று நின்றே கால் வீங்கிப்போனவள் அவள்.

பத்து நாள் கழித்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டுத் தம்பியிடம் நீட்டினாள். ஓய்வுபெற்ற நர்ஸுகளின் பென்ஷன் நிதியிலிருந்து வந்திருந்தது. அவர் சத்தமாகவே படித்தார்.

“நாம் அதிகப் பங்குகள் வைத்திருக்கும் நிறுவனம் இந்த ஆண்டு லாபத்தில் பங்கு தரவில்லை. எனவே அடுத்த மாதம் முதல் உங்கள் பென்ஷனில் மூன்றில் ஒரு பகுதி குறைக்கப்படும்.”

அடுத்த வரியில் நிறுவனத்தின் பெயர் இருந்தது. அதை மட்டும் அவர் படிக்கவில்லை.

“ஐயையோ, மூணுல ஒண்ணா! மருந்துக்கு என்னடா பண்ணுவேன்?” அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “எந்தக் கம்பெனிடா அது?”

“எங்க சோப்புக் கம்பெனிதான்க்கா.”

“அப்ப, உக்காந்த இடத்துலேயே லாபம் திங்கிறவ நான்தானாடா?” வீங்கிய காலைப் பார்த்துக்கொண்டே அக்கா கேட்டாள்.