எதிர்ச்சாரியில் நிற்பவள்

தங்கையின் போனை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, அவள் வாயில் ஒரு கரண்டித் தயிரை ஊட்டினாள் ருக்மா. நல்ல காரியத்துக்குப் போகிறவளை வெறும் வாயோடு அனுப்பக் கூடாது.

சாலைக்கு அந்தப் பக்கம் அமெரிக்கத் தூதரகம். போனோடு உள்ளே விடமாட்டார்கள். அதனால் காட்மாண்டு மகாராஜ்கஞ்சின் இந்த எதிர்ச்சாரியில் யாராவது ஒரு அம்மாவோ அண்ணனோ, அடுத்தவர் போனைப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி நிற்பார்கள்.

இன்று ருக்மா நின்றாள். உள்ளே போக வேண்டியவள் இங்கே நிற்கிறோமே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

இதே வாசலுக்குள் இரண்டு முறை போய், இரண்டு முறையும் கையில் பாஸ்போர்ட்டோடு திரும்பியவள் அவள். விசா கிடைத்தால் பாஸ்போர்ட்டை உள்ளேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பாஸ்போர்ட்டோடு வெளியே வந்தால் கதை முடிந்தது.

அதற்குப் பிறகுதான் புதலிசடக் தெருவில் ஒரு கன்சல்டன்சியில் வேலைக்குச் சேர்ந்தாள். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளை எதிரே உட்கார வைத்து, விசா அதிகாரி மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிற வேலை. அவளிடம் தேறியவர்கள் ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று பறந்தார்கள். அவர்களுடைய முகங்களைப் போட்டு ‘வாழ்த்துகள்’ என்று வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டுவதும் அவள் பொறுப்பு. சிரித்துக்கொண்டேதான் கட்டினாள்.

ஊரார் பிள்ளைகள் போனதை எப்படியோ பொறுத்துக்கொண்டாள். சிர்ஜனா போவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பத்தாம் வகுப்புக் கணக்கை அக்காவிடம் அழுதழுது படித்தவள் சிர்ஜனா. ஓஹியோ பல்கலைக்கழகத்துக்கு அவள் அனுப்பிய கட்டுரையில் பாதி ருக்மா திருத்தியது. அதைப் படித்துவிட்டுத்தான் கட்டணத்தில் பாதியைத் தள்ளி இடம் கொடுத்தார்கள். உழுதது ஒருத்தி, அறுக்கப் போவது இன்னொருத்தி.

சாலையைக் கடக்கும் முன் சிர்ஜனா திரும்பினாள்.

“படிச்சு முடிச்சதும் என்ன பண்ணப் போறேன்னு கேட்டா என்னக்கா சொல்ல?”

“அங்கயே வேலை தேடிக்குவேன், பிடிச்சுப்போச்சுன்னா இருந்துடுவேன்னு சொல்லு. மறைக்காமப் பேசினா அவங்களுக்குப் பிடிக்கும்டி.”

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று ருக்மாவுக்கே உறைத்தது. செத்தாலும் சொல்லிவிடாதே என்று தன்னிடம் வரும் பிள்ளைகளைத் தலையில் குட்டி மறக்க வைக்கிற பதில் அது. திரும்பி வரமாட்டாளோ என்ற சந்தேகம் தட்டினால் போதும், விசா கிடையாது.

கூப்பிட்டிருக்கலாம். சிர்ஜனா அப்போது நடுச்சாலையில்தான் இருந்தாள்.

ருக்மா கூப்பிடவில்லை.

உள்ளே போனவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கோட்டு போட்ட பையன் ஒருவன் பாஸ்போர்ட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அம்மாவிடம் போனான். அந்த அம்மா அவன் தோளைத் தட்டிக் கூட்டிக்கொண்டு போனாள்.

பசுபதிநாதா, அவளுக்குக் கிடைக்கட்டும் என்று ருக்மாவின் வாய் முணுமுணுத்தது. மனசு அதில் சேரவில்லை.

சிர்ஜனா வந்தாள். இரண்டு கையையும் வீசிக்கொண்டு வந்தாள். இரண்டும் காலி.

கிடைத்துவிட்டது. ஓடிவந்த தங்கையைக் கட்டிக்கொண்டு, ஃப்ளெக்ஸ் கட்டும்போது சிரிக்கிற அதே சிரிப்பைச் சிரித்தாள் ருக்மா.

“என்னடி சொன்னே?”

“நீ சொன்னதைச் சொல்லலைக்கா. ஊர்ல உனக்கு யாரு இருக்காங்கன்னு கேட்டாங்க. அம்மா இல்லே, அப்பா கத்தார்ல, எனக்குன்னு இருக்கறது எங்க அக்கா ஒருத்திதான். நான் இல்லேன்னா அவ தனிமரம். அவளுக்காகவாவது நான் வந்துதான் ஆகணும்னேன். அந்த ஆபீஸரம்மா என்னையே பாத்தாங்க. டக்கு டக்குன்னு கம்ப்யூட்டர்ல அடிச்சாங்க. பாஸ்போர்ட்டை வச்சுக்கிட்டாங்க!”



அது ருக்மா தனக்காகத் தயார் செய்து வைத்திருந்த பதில். ‘தங்கச்சி’ இருந்த இடத்தில் ‘அக்கா’ வந்திருந்தது, அவ்வளவுதான். நிலமோ கடையோ இல்லாத வீட்டில், திரும்பி வருவேன் என்பதற்குச் சாட்சியாகக் காட்ட அவளுக்கு இருந்தது சிர்ஜனா ஒருத்திதான். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் மாதக்கணக்காக அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

வரும் வியாழக்கிழமை, இதே வாசலில், மூன்றாவது முறையாக ருக்மாவுக்கு நேர்காணல். வீட்டில் மூச்சு விடவில்லை.

இனி அந்தக் கம்ப்யூட்டரில் ருக்மா என்பவள் காட்மாண்டுவிலேயே இருக்கப் போகிறவள். சிர்ஜனா போய்விட்டால் அவளுக்கு இங்கே யாரும் இல்லை.

சிர்ஜனா அக்காவின் கைப்பையைத் திறந்து தன் போனை எடுத்துக்கொண்டாள். கடைவாயில் காய்ந்திருந்த தயிரை ருக்மாவின் சால்வை நுனியில் துடைத்துக்கொண்டாள்.

“வியாழக்கிழமை நீ எதுக்கும் கவலைப்படாதேக்கா. உன் போனை வச்சுக்கிட்டு நான் இங்கயே நிக்கிறேன்.”